ஒரே ஆம்பா, தனித்தனி ஆம்பா, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டியா? கோவில் திடலுக்கும் மண்டபத்துக்கும் கிராஸ்ஓவர், வாட்ஸ் கணக்கு

தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் கோவில் கமிட்டிகளிலும் லெனேசியா பஜனைக் குழுக்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. கையில் 15 அங்குல டாப் பெட்டி (குரலும் மேல்சுருதியும் தருவது) இரண்டு, 18 அங்குல சப் (பாஸ் மட்டும் தரும் பெட்டி) இரண்டு இருக்கின்றன. தைப்பூசக் காவடிக்கு முன்னால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கியாக வேண்டும். கடைக்காரர் பெரிய வாட்ஸ் ஆம்ப் ஒன்றே போதும் என்கிறார். வாடகைக்கு சவுண்ட் விடுபவர் கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்புவது) தனியாக வேண்டும் என்கிறார். கோவில் இளைஞர்கள் பழையதை விற்றுவிட்டு ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி வாங்கலாம் என்கிறார்கள்.

மூவர் சொல்வதும் ஒவ்வோர் இடத்துக்குப் பொருந்தும். ஆனால் நான்கு பெட்டிகள் ஏற்கெனவே கையில் இருக்கும் கமிட்டிக்கு எங்கள் பதில் இதுதான்: முதல் பணம் பிராசசருக்கு (சிக்னலை ஆம்புக்கு முன்பே பிரித்து வரம்பு வைக்கும் கருவி), மிச்சம் ஆம்புக்கு. ஸ்பீக்கர் எரிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆம்பின் வாட்ஸ் அல்ல. சப்புக்குப் போகும் மிகத் தாழ்ந்த ஒலிக்கு அடைப்பு இல்லை, ஹாரனுக்கு (டாப்பில் மேல்சுருதி தரும் பகுதி) உச்ச வரம்பு இல்லை என்பதே காரணம். அந்த இரண்டையும் செய்யாமல் வாட்ஸை மட்டும் கூட்டினால் அடுத்த ஆடிக்கூழுக்கு முன் வாய்ஸ் காயிலுக்கு, அதாவது ஸ்பீக்கர் கோனை அசைக்கும் கம்பிச் சுருளுக்கு, செலவு வைத்தே தீரும்.

## எதை வைத்து முடிவு செய்வது

கூட்டமும் தூரமும். 1 வாட்ஸுக்கு 1 மீட்டரில் 98 டெசிபெல் தரும் டாப்புக்கு 400 வாட்ஸ் கொடுத்தால் 124 டெசிபெல். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் இறங்கும். 20 மீட்டரில் 98 டெசிபெல்தான் மிஞ்சும். ஆம்பை 800 வாட்ஸாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். கடைசி வரிசையில் நிற்பவர் "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்பார், அவ்வளவே. சத்தம் இரட்டித்ததாகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. எனவே திடல் பெரிதானால் பெட்டியைக் கூட்டுங்கள், அல்லது பெட்டியைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஆம்பை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை.

என்ன ஒலிக்கப் போகிறது. தவில், மிருதங்கம், டோலக் நேரடியாக வாசிக்கும்போது உச்சம் சராசரியைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை மேலே நிற்கும். காயில் அடிக்கு அடி ஆறிக்கொள்ளும். கல்யாண வரவேற்பில் போடும் நடனப் பாட்டில் அந்த இடைவெளி 6 முதல் 10 டெசிபெல்தான். அதே ஆம்ப், அதே பெட்டி, மீட்டரில் அதே சிவப்பு விளக்கு. ஆனால் காயிலில் ஏறும் சூடு பல மடங்கு. வருஷம் முழுக்கத் திருப்பாவையும் பஜனையும் தாங்கிய பெட்டி ஒரு வரவேற்பு இரவில் போவது இதனால்தான்.

மின்சாரம், கை, பழுது. மண்டபத்தில் எத்தனை ப்ளக் பாயிண்ட், ஜெனரேட்டர் எவ்வளவு, மிக்சரில் யார் உட்காருகிறார், திருவிழா நடுவில் ஒரு சாமான் நின்றால் மாற்று என்ன. விலைப் பட்டியலில் இல்லாத செலவெல்லாம் இந்த மூன்றில்தான் ஒளிந்திருக்கிறது.

கணக்கை எளிதாக்க ஒரு மாதிரி செட் எடுத்துக்கொள்வோம். டாப்: 8 ஓம், தொடர் திறன் 400 வாட்ஸ், அதன் ஹாரன் டிரைவர் 8 ஓம், 60 வாட்ஸ். சப்: 8 ஓம், 600 வாட்ஸ், பெட்டியின் துளை 40 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்தது. உங்கள் பெட்டியின் முதுகில் மூன்று எண் இருக்கலாம்: தொடர் திறன், அதன் இரு மடங்கான புரோகிராம், நான்கு மடங்கான பீக். "1600 வாட்ஸ்" என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பீக். உள்ளே இருப்பது 400 வாட்ஸ் ஸ்பீக்கர். எல்லாக் கணக்கையும் தொடர் திறனிலிருந்தே தொடங்குங்கள்.

## 1. ஒரே ஆம்ப், பெட்டிக்குள்ளேயே பிரிவது

இரண்டு சேனல் ஆம்ப் ஒன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சேனல். டாப்பிலிருந்து லிங்க் கேபிளில் சப். எல்லா கிராஸ்ஓவரும் பெட்டிக்குள் இருக்கும் காயிலும் (இது வாய்ஸ் காயில் அல்ல, தனிச் சுருள்) கெப்பாசிட்டரும்தான். இதைத்தான் பாசிவ் என்கிறோம்.

டாப்புக்குள் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஹாரனைப் பிரிக்க இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. சிக்கல் சப்பில். 8 ஓம் சப்பை 100 ஹெர்ட்ஸில் 12 டெசிபெல் சரிவோடு (அலைவரிசை இரட்டிக்கும்போதெல்லாம் குறையும் அளவு) வெட்ட ஏறக்குறைய 18 மில்லிஹென்றி காயிலும் 140 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும். இரும்பு உள்ளகம் போட்ட காயில் உரத்த பாஸில் நிறைந்துபோய்ச் சிதைக்கும்; காற்று உள்ளகமானால் செம்பு கிலோக் கணக்கில் வேண்டும், அதன் தடையே வாட்ஸைத் தின்னும். அதற்கும் மேலே, 8 ஓம் என்று எழுதிய சப் அந்தத் தாழ்ந்த அலைவரிசைகளில் உண்மையில் 8 ஓமாக இருப்பதில்லை. தடை மேலும் கீழும் ஏறி இறங்குவதால் வெட்டு கணக்குப் போட்ட இடத்தில் விழாது.

மறைந்த செலவு இன்னொன்று: சப்பின் அளவைத் தனியாகக் குறைக்க வழியில்லை. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடைக்கவும் வழியில்லை. மைக் ஸ்டாண்டை யாராவது தட்டினால் அந்த இடி நேராகச் சப்புக்குப் போகும்.

சப் இல்லாமல் இரண்டு டாப் மட்டும், 150 நாற்காலி மண்டபம், பேச்சும் பஜனையும் என்றால் இந்த முறையே நல்லது. இணைக்க மூன்று கேபிள். தவறு செய்ய இடமே இல்லை. மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் 100 ஹெர்ட்ஸ் லோ-கட் பட்டனை அழுத்தி வையுங்கள், முடிந்தது.

## 2. சப்புக்கு ஓர் ஆம்ப், டாப்புக்கு ஓர் ஆம்ப், முன்னால் ஒரு பிராசசர்

மிக்சரிலிருந்து வரும் சிக்னலை ஆம்புக்குப் போகும் முன்பே டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல்) பிராசசர் பிரித்துவிடும். டிபிஎக்ஸ் டிரைவ்ராக் பிஏ2 (2 உள்ளே, 6 வெளியே), பெரிங்கர் டிசிஎக்ஸ் 2496 (3 உள்ளே, 6 வெளியே) போன்றவை இந்த வேலைக்கானவை. பல புதிய ஆம்புகளுக்குள்ளேயே இது வந்துவிடுகிறது. டாப்புக்குள் இருக்கும் ஹாரன் கிராஸ்ஓவரைத் தொடுவதில்லை. நான்கு பெட்டி வைத்திருக்கும் கமிட்டிக்கு எங்கள் தேர்வு இதுவே.

மாதிரி செட்டுக்கு வைக்க வேண்டியவை:

- சப்: கீழே 38 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை அடைப்பது), 24 டெசிபெல் பட்டர்வொர்த் வகை. மேலே 100 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் (அதற்கு மேலுள்ளதை அடைப்பது), 24 டெசிபெல் லிங்க்விட்ஸ்-ரைலி வகை.
- டாப்: 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ், அதே 24 டெசிபெல் லிங்க்விட்ஸ்-ரைலி.
- லிமிட்டர் (சிக்னல் வரம்பைத் தாண்டாமல் பிடிப்பது) அட்டாக், அதாவது பிடிக்க எடுக்கும் நேரம்: சப்புக்குச் சுமார் 16 மில்லிசெகண்ட், டாப்புக்கு 8. ரிலீஸ் (பிடியை விடும் நேரம்) அதைப் போல 16 மடங்கு.

38 ஹெர்ட்ஸ் அடைப்பை விட்டுவிடாதீர்கள். துளை வைத்த பெட்டியில் ட்யூன் அலைவரிசைக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் காற்று கோனைப் பிடித்து நிறுத்துவதில்லை. சத்தமே வராமல் கோன் மட்டும் முன்னும் பின்னும் பாயும். காயில் பின் தகட்டில் இடித்து நசுங்கும். கழற்றிப் பார்த்தால் அடையாளம் தெரியும்: சூட்டில் போன காயில் கறுத்து, வார்னிஷ் கருகிய வாசனை அடிக்கும்; பாய்ச்சலில் போன காயில் நிறம் மாறாமல், விளிம்பு மட்டும் நசுங்கியிருக்கும். முதல்வகை என்றால் லிமிட்டரைப் பாருங்கள், இரண்டாம்வகை என்றால் ஹை-பாஸைப் பாருங்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் புது கோன் போட்டால் அதுவும் போகும்.

லிங்க்விட்ஸ்-ரைலி 24-இல் வெட்டும் இடத்தில் இரு பக்கமும் 6 டெசிபெல் இறங்கி, ஒன்று சேர்ந்தால் சமமாகும். பட்டர்வொர்த் 24-இல் 3 டெசிபெல்தான் இறங்கும். சேர்ந்தால் அந்த இடத்தில் 3 டெசிபெல் மேடு. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் வேறொன்று என்று கலந்து வைப்பதுதான் பிராசசரில் அதிகம் காணும் பிழை.

### 80, 100, 120 — எங்கே வெட்டுவது

80 ஹெர்ட்ஸ்: டாப் 15 அங்குலமாக, தாழ்ந்த சுருதியையும் தாங்குவதாக இருந்தால். குரல் முழுக்க டாப்பிலேயே நிற்கும். ஓதுவார் பாடுவது அவர் வாயிலிருந்து வருவதாகவே கேட்கும். பதிலுக்கு டாப்பின் கோனுக்கு வேலை கூடும். அலைவரிசை பாதியானால் அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு பாய வேண்டும்.

120 ஹெர்ட்ஸ்: டாப் 10 அல்லது 12 அங்குலமாக இருந்தால், அல்லது நடன இசைக்காக டாப்பை விளிம்பு வரை ஓட்டினால். ஆண் குரலின் அடித்தளம் சப்பிலிருந்து வரத் தொடங்கும். சப் மேடையின் ஒரு மூலையில் இருந்தால் பேசுபவரின் குரல் மூலைக்கு இழுபடும்.

100 ஹெர்ட்ஸ்: சந்தேகம் வந்தால் இங்கே தொடங்குங்கள். 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 3.44 மீட்டர், சப்புக்கும் டாப்புக்கும் கேட்பவரிடமிருந்து 1.7 மீட்டர் வித்தியாசம் வந்தால் சரியாக வெட்டும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சப்பை மேடைக்கு முன்னால் தரையில் தள்ளி வைக்கும்போது நடப்பது இதுவே. மீட்டருக்கு 2.9 மில்லிசெகண்ட் என்று கணக்கிட்டு முன்னால் இருப்பதை டிலே (தாமதம்) செய்யுங்கள். பிறகு 100 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, சப்பின் போலாரிட்டியை (+, − திசையை) திருப்பி, சத்தம் மிகவும் குறையும் வரை டிலேயைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். மிகக் குறைந்த இடம் கிடைத்ததும் போலாரிட்டியைப் பழையபடி திருப்பினால் அங்கேதான் இரண்டும் சரியாகச் சேரும். "கூடியது எங்கே" என்று தேடுவதைவிட "அழிந்தது எங்கே" என்று தேடுவது காதுக்கு எளிது.

இந்த முறையின் மறைந்த செலவுகள்: ஓர் ஆம்ப் கூடுதல், ரேக், எடை, பிராசசரின் லாக் கோட். கடைசியதைக் கட்டாயம் போடுங்கள். ஆர்வமுள்ள ஒருவர் திருவிழாவன்று மாலை "பாஸ் இல்லை" என்று 38 ஹெர்ட்ஸ் ஹை-பாஸை நீக்குவார்.

## 3. ஹாரனுக்கும் தனி ஆம்ப்

டாப்பின் பின்னால் பை-ஆம்ப் சுவிட்ச் இருந்தால் உள்ளே இருக்கும் கிராஸ்ஓவரைக் கழற்றிவிட்டு, 15 அங்குலத்துக்கு ஒரு சேனல், ஹாரனுக்கு ஒரு சேனல் கொடுக்கலாம். நான்கு முனை ஸ்பீக்கான் கேபிளில் வழக்கமாக 1+, 1− தாழ்வுக்கு, 2+, 2− ஹாரனுக்கு.

லாபம் உண்மையானது. கோன் ஆம்ப் கிளிப் அடித்தாலும் (திறனைத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்பட்டாலும்) அதில் பிறக்கும் கரகரப்பு ஹாரனுக்குப் போகாது. ஹாரனுக்கென்றே லிமிட்டர் வைக்கலாம். பெட்டிக்குள் சூடாகி வீணாகும் வாட்ஸ் மிச்சம். நாதஸ்வரம் போல மேல்நடுச் சுருதியில் பாயும் கருவிக்கு இந்தத் தெளிவு நன்றாகவே கேட்கும்.

ஆனால் உற்பத்தியாளர் அந்தப் பெட்டிக்கென்று கொடுத்த பிராசசர் செட்டிங் கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஹாரனின் உணர்திறன் கோனைவிட 10 டெசிபெல்லுக்கு மேலும் கூடுதலாக இருக்கலாம். அதைக் குறைக்க வேண்டும். கான்ஸ்டன்ட் டைரக்டிவிட்டி ஹாரனானால் (எல்லாச் சுருதியையும் ஒரே கோணத்தில் பரப்புவது) மேல்சுருதிகளை ஏற்றும் ஈக்யூ (சுருதிவாரியான அளவுத் திருத்தம்) வேண்டும். கோனுக்கும் ஹாரனுக்கும் இடையே மில்லிசெகண்டில் ஒரு சிறு பங்கு டிலே வேண்டும். இவையெல்லாம் பெட்டிக்குப் பெட்டி மாறும். காதால் ஊகித்து வைத்தால் பழைய பாசிவ் கிராஸ்ஓவரைவிட மோசமாகவே கேட்கும்.

பெரிய ஆபத்து கேபிளில். ஒருமுறை 1, 2 ஜோடிகள் மாறினால் பாஸ் முழுவதும் 60 வாட்ஸ் ஹாரனுக்குப் போகும். டயாஃப்ரம் போக ஒரு நொடி போதும். அதனால் ஒவ்வொரு ஹாரனுக்கும் தொடரில் ஒரு கெப்பாசிட்டர் போடுங்கள். 1.8 கிலோஹெர்ட்ஸில் பிரித்த 8 ஓம் டிரைவருக்கு 33 மைக்ரோஃபாரட், துருவமில்லாத வகை, குறைந்தது 100 வோல்ட். அது 600 ஹெர்ட்ஸில் வெட்டுவதால் ஒலியை அதிகம் தொடாது; கேபிள் தவறானாலும் ஆம்ப் ஆன் ஆகும்போது வரும் 'டப்' இடியிலும் காயிலைக் காக்கும்.

ஹாரனுக்குப் பெரிய ஆம்ப் தேடவும் வேண்டாம். 100, 120 வாட்ஸ் சேனல் தாராளம். அதிக கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) உள்ள பெரிய ஆம்பை உணர்திறன் மிகுந்த டிரைவரில் மாட்டினால், தியான நேரத்தில் மண்டபம் அமைதியாகும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் முதல் வரிசை வரை கேட்கும்.

வாடகைக்கு விடுபவர், ஒரே ஆளே எப்போதும் ரேக்கை இணைப்பவர் — இவர்களுக்கு இது ஏற்றது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும் கமிட்டிக்கு வேண்டாம்.

## 4. ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி

கிராஸ்ஓவர், ஈக்யூ, லிமிட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே அந்த ஸ்பீக்கருக்கென்று வைத்தவை. தெரியாத கை தொட்டாலும் எரிவது அரிது. இளைஞர் குழு மாறி மாறி இயக்கும் இடத்துக்கு இதைவிடப் பாதுகாப்பானது இல்லை.

மறைந்த செலவு எங்கே? ஒவ்வொரு பெட்டிக்கும் சிக்னல் கேபிளோடு 230 வோல்ட் கேபிளும் போக வேண்டும். திடலில் மழை வந்தால் உயரத்தில் நிற்கும் பெட்டியில் மின்சாரம். டர்பன் கடற்கரை உப்புக்காற்று, கற்பூரக் கரி, தீமிதிக் குழியின் சாம்பல் எல்லாம் விசிறி வழியே நேராக ஆம்ப் பலகையில் படியும். அந்தப் பலகை போனால் பெட்டியே போனது. வாடகைக்கு ஒரு ஆம்ப் வாங்கி மாட்டிச் சமாளிக்க முடியாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி வாட்ஸ் அல்ல: "இந்த மாடலின் ஆம்ப் மாட்யூல் நாட்டுக்குள் இருப்பில் உண்டா, மாற்ற எத்தனை நாள்?"

சப்போடு சேர்க்கும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. சப்பின் ஹை-பாஸ் அவுட்புட்டிலிருந்து டாப்புக்குக் கேபிள் எடுத்து, டாப்பின் முதுகிலும் 100 ஹெர்ட்ஸ் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு முறை வெட்டியதால் 100 ஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு பள்ளம். மிருதங்கத்தின் தொப்பி ஒலி வெறுமையாகும். ஒரே இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

## எத்தனை வாட்ஸ்

மூன்று கொள்கைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

*தொடர் திறனில் பாதி.* "சின்ன ஆம்ப் பாதுகாப்பு" என்பது பாதி உண்மை. கிளிப் அடித்துச் சதுர அலையாகிவிட்டால் 200 வாட்ஸ் ஆம்ப் 400 வாட்ஸ் வரை தள்ளும். கோன் தாங்கிக்கொள்ளும். ஆனால் கிளிப்பில் தாழ்ந்த ஒலி வெட்டுப்பட, மேல்சுருதி மட்டும் கூடிக்கொண்டே போவதால் பாசிவ் டாப்பில் முதலில் ஹாரன் போகும். பேச்சுக்கு மட்டும் சரி.

*தொடர் திறனுக்குச் சமம்.* லிமிட்டர் இல்லாத இடத்துக்கு இதுவே அளவு. மாதிரி டாப்புக்கு 8 ஓமில் 400 வாட்ஸ்.

*ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.* தவிலின் அடி கிளிப் ஆகாமல் வெளிவர இந்த இடம் வேண்டும். மாதிரி டாப்புக்கு 8 ஓமில் 600–800, சப்புக்கு 900–1200 வாட்ஸ். லிமிட்டர் வைத்தால் மட்டுமே. வைக்காவிட்டால் கூடுதல் வாட்ஸ் காயிலைத்தான் தின்னும்.

ஆம்பின் எண்ணைப் படிக்கும்போது எத்தனை ஓமில் என்று பாருங்கள். இரண்டு 8 ஓம் சப் ஒரே சேனலில் 4 ஓம். நான்கு போட்டால் 2 ஓம், ஆம்ப் சூடேறி நடுவில் நிற்கும். பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் ஒன்றாக்கி) 4 ஓம் மாட்டினால் உள்ளே ஒவ்வொரு சேனலும் 2 ஓமைத்தான் பார்க்கிறது. கேபிளும் வாட்ஸைத் தின்னும்: 4 ஓம் சுமைக்கு 20 மீட்டர் ஓட்டத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஏறக்குறைய 1 டெசிபெல் போகும்; 2.5-இல் 0.6. ரேக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது காசில்லாத மேம்பாடு.

ஆம்பின் முன் இருக்கும் குமிழைப் பாதியில் வைத்தால் வாட்ஸ் பாதியாகும் என்பது தவறு. அது உள்ளே வரும் சிக்னலை மட்டும் குறைக்கிறது; மிக்சரில் ஏற்றினால் அதே முழு வாட்ஸ் வெளியே வரும்.

## ப்ளக் பாயிண்டும் ஜெனரேட்டரும்

நம் ஊர் 16 ஆம்பியர் ப்ளக்கில் கிடைப்பது 230 × 16 = 3680 வாட்ஸ். 2×1200 வாட்ஸ் ஆம்ப் சாதாரண இசையில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, 300 வாட்ஸ்தான் வெளியே தருகிறது. அதற்குப் பழைய கனமான வகை ஆம்ப் சுமார் 1 கிலோவாட் இழுக்கும். எடை குறைந்த கிளாஸ்-டி வகை அதில் பாதிக்கும் குறைவாக. ஆக ஆம்ப் மட்டும் இருந்தால் ஒரு பாயிண்ட் தாங்கும். மண்டபத்தின் டீ அர்னும் (தேநீர் கொதிகலன்) அதே சர்க்யூட்டில் இருந்தால் தாங்காது. பாத்திரம் கழுவும் அறை எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள்.

சிறிய ஜெனரேட்டரில் ஒவ்வொரு பாஸ் அடிக்கும் வோல்ட்டேஜ் சரியும். லிமிட்டர் வேலை செய்யும் முன்பே ஆம்ப் கிளிப் ஆகும். 2007-08-இல் தொடங்கி 2023-இல் உச்சத்துக்குப் போன லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) கற்றுக்கொடுத்த இன்னொன்று: மின்சாரம் போனதும் முதலில் ஆம்புகளை ஆஃப் செய்யுங்கள். திரும்பி வரும்போது மிக்சரும் பிராசசரும் ஆம்பும் ஒன்றாக எழுந்தால் அந்த இடி முழுவதும் ஸ்பீக்கருக்குத்தான். எப்போதும் மிக்சர், பிராசசர், கடைசியில் ஆம்ப்; அணைக்கும்போது தலைகீழ்.

ஹம்மிங் வந்தால் எர்த் பின்னை வெட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிர் அந்தக் கம்பியில் இருக்கிறது. பாலன்ஸ்டு கேபிள் போடுங்கள், மிக்சருக்கும் ரேக்குக்கும் ஒரே பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சிக்னல் பாதையில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஒரே ஆம்ப், பாசிவ் | சப் தனி, பிராசசரோடு | ஹாரனும் தனி | ஆம்ப் உள்ளே |
|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | அதிகம். பழைய பெட்டி வீண் |
| சப் கட்டுப்பாடு | இல்லை | முழுமை | முழுமை | சப்பும் அதே வகையானால் நன்று |
| ஹாரன் பாதுகாப்பு | பலவீனம் | ஓரளவு | மிக நன்று | மிக நன்று |
| தவறாக இணைக்கும் ஆபத்து | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | குறைவு |
| நடுவில் பழுதானால் | வேறு ஆம்ப் மாட்டலாம் | வேறு ஆம்ப் மாட்டலாம் | ஒத்த கெயின் ஆம்ப் வேண்டும் | பெட்டியே மாற்ற வேண்டும் |
| மின் கேபிள் | ரேக்குக்கு மட்டும் | ரேக்குக்கு மட்டும் | ரேக்குக்கு மட்டும் | ஒவ்வொரு பெட்டிக்கும் |

## எந்த நிலைமைக்கு எது

பேச்சு, பஜனை, சிறு மண்டபம், சப் இல்லை: முதல் வழி. பெட்டியே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர், இயக்குபவர் மாறிக்கொண்டே இருப்பார்: நான்காவது. வாடகைத் தொழில், உற்பத்தியாளர் செட்டிங் உண்டு: மூன்றாவது. நல்ல பாசிவ் பெட்டிகள் கையில், காவடிக்குத் திடலிலும் கல்யாணத்துக்கு மண்டபத்திலும் ஓட வேண்டும்: இரண்டாவது. இந்த இரண்டாவதில் பணம் பற்றாவிட்டால் ஆம்பைச் சிறிதாக வாங்குங்கள், பிராசசரை விடாதீர்கள். ஆம்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

## லிமிட்டரை வோல்ட் மீட்டரால் வைப்பது

1. வோல்ட் கணக்கு: வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம். சப் 600 × 8 = 4800, அதாவது 69 வோல்ட். டாப் 57. தனி ஆம்ப் உள்ள ஹாரன் 22.
2. எல்லா ஸ்பீக்கர் கேபிளையும் ஆம்பிலிருந்து கழற்றுங்கள். ஆம்ப் குமிழை நிகழ்ச்சியில் இருக்கப்போகும் இடத்தில், முழுவதும் திறந்து வையுங்கள்.
3. பிராசசருக்கு 60 ஹெர்ட்ஸ் சைன் டோன் கொடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் இந்த அலைவரிசையில் சரியாகக் காட்டும். கிலோஹெர்ட்ஸில் நம்ப முடியாது. மீட்டரை ஏசி 200 வோல்ட்டில் வைத்து சப் ஆம்பின் 1+, 1− முனையில் பிடியுங்கள். 69 வோல்ட் உயிருக்கு ஆபத்தான அளவு; உலோகத்தைத் தொடாதீர்கள்.
4. லிமிட்டர் விளக்கு எரியும் வரை டோனை ஏற்றுங்கள். பிறகு மீட்டர் 69-க்கு மேல் போகாதபடி த்ரெஷோல்டை (லிமிட்டர் பிடிக்கத் தொடங்கும் அளவை) இறக்குங்கள். நடன இசைக்கு இன்னும் 3 டெசிபெல் இறக்கி, 49 வோல்ட்.
5. டாப்புக்கும் ஹாரனுக்கும் 60 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவரைத் தாண்டாது. அதனால் டோனை நேராக ஆம்பின் இன்புட்டில் கொடுத்து கெயினை அளந்து, கணக்காக வையுங்கள். கெயின் 32 டெசிபெல் என்றால் 40 மடங்கு: டாப்புக்கு 1.41 வோல்ட், +5 டிபியூ (பிராசசரில் சிக்னல் வோல்ட்டைக் குறிக்கும் டெசிபெல் அளவு), ஹாரனுக்கு 0.55 வோல்ட், −3 டிபியூ. சரிபார்க்க, சப்புக்கு +7. கெயின் 26 டெசிபெல் என்றால் எல்லாவற்றிலும் 6 கூட்டுங்கள்.
6. எண்களை ஆம்பின் மாடலோடு எழுதி ரேக் மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். வேறு கெயின் உள்ள ஆம்பை மாட்டினால் இந்த எண்கள் செல்லாது. மறுபடி அளந்த பிறகே ஸ்பீக்கர் கேபிளைச் செருகுங்கள்.